பாய் நனையும் இரவுகள்

ஐந்து வயது நிரம்பிய ஒருவர் தூக்கத்தில் தம்மை அறியாமல் சிறுநீர் விடுவதையே படுக்கையில் சிறுநீர் கழித்தல் என்று மருத்துவம் வரையறுக்கிறது. அதற்கு முன் பாய் நனைவதை யாரும் குறையாகக் கணக்கிடுவதில்லை. பகலில் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் வந்துவிடுகிறது. இரவுக் கட்டுப்பாடு அதற்குப் பின்னால்தான் வரும். சிலருக்கு வெகு தாமதமாக வரும். ஐந்து வயதில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேர் இரவில் நனைக்கிறார்கள். ஏழு வயதில் அது 10-க்குள் இறங்குகிறது, பத்து வயதில் 5 ஆகிறது, பதினைந்தைத் தாண்டும்போது ஓரிருவரே மிஞ்சுகிறார்கள். சிறுமிகளைவிடச் சிறுவர்களிடம் இது ஏறக்குறைய இரு மடங்கு.

ஏழு வயதுப் பிள்ளைகள் 40 பேர் படிக்கும் ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேராவது இப்படி இருப்பார்கள் என்பது இதன் பொருள். ஆனால் அந்த வீடுகள் ஒவ்வொன்றும் ஊரிலேயே தங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. சளி, காய்ச்சலைப் பற்றிப் பள்ளி வாசலில் பேசிக்கொள்ளும் தாய்மார் இதைப் பேசுவதில்லை. விடியுமுன் பாயைக் கழுவிக் கொல்லைப்புறத்தில் மறைவாகக் காயப்போடுகிறார்கள். பிள்ளையும் தன்னைப் போல் இன்னொருவன் இருப்பதை அறியாமலேயே வளர்கிறான்.

காரணம் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது சிறுநீரகம். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரசின் என்னும் ஹார்மோனை வெளியிடுகிறது. இரவில் அதன் அளவு உயரும். சிறுநீரகம் தண்ணீரை உடலுக்குள் திருப்பி அனுப்பிவிட்டு, கொஞ்சமாகவும் அடர்த்தியாகவும் சிறுநீரை உண்டாக்கும். மற்றவர்கள் விடியும்வரை எழாமல் தூங்க முடிவது இதனால்தான். பாய் நனைக்கும் பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு இந்த இரவு உயர்வு நிகழ்வதில்லை என்பதை டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகர ஆய்வாளர்கள் 1980-களில் கண்டறிந்தார்கள். பகலில் ஊறும் வேகத்திலேயே இரவிலும் சிறுநீர் ஊறினால் சிறுநீர்ப்பை நிரம்பி வழியத்தான் செய்யும். இரண்டாவது சிறுநீர்ப்பை. சிலருக்கு அது வயதுக்குரிய அளவைத் தாங்காது. பாதி நிரம்பியதுமே சுருங்கத் தொடங்கிவிடும். மூன்றாவது மூளை. பை நிரம்பியதும் கிளம்பும் சமிக்ஞை தூங்கும் மூளையைத் தட்டி எழுப்ப வேண்டும். இந்தப் பிள்ளைகளிடம் அந்தத் தட்டல் எட்டுவதில்லை. “இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்” என்று தாய் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்தத் தூக்கம் நிம்மதியான தூக்கமாகவும் இருப்பதில்லை. பை சுருங்கும்தோறும் தூக்கம் கலைகிறது, விழிப்பின் விளிம்புவரை வந்துவிட்டு மறுபடி அமிழ்கிறது. இப்படிப் பலமுறை கலைந்த தூக்கத்தோடுதான் பிள்ளை காலையில் பள்ளிக்குப் போகிறான்.

இவற்றில் எதையும் பிள்ளை விரும்பிச் செய்வதில்லை. சோம்பலோ பிடிவாதமோ கவனத்தை ஈர்க்கும் ஆசையோ இதில் இல்லை. குடும்ப வழியே இது வருகிறது என்பதற்குச் சான்றுகள் வலுவானவை. பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 40-ஐத் தாண்டுகிறது. இருவருக்கும் இருந்திருந்தால் 70-ஐத் தாண்டுகிறது. டேனிஷ் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 1995-இல் 13-ஆவது குரோமோசோமில் இதற்குத் தொடர்பான ஓரிடத்தைச் சுட்டினார்கள். ஆகவே மருத்துவர் முன் உட்காரும் தந்தை தன் சிறுவயதுக் கதையைப் பிள்ளை கேட்கச் சொல்வது நல்லது. “எனக்கும் பத்து வயது வரைக்கும் இருந்ததுடா கண்ணு” என்ற ஒரு வாக்கியம் பிள்ளையின் மனதிலிருந்து இறக்கிவைக்கும் சுமை பெரிது. பாட்டிமார்களுக்கு இந்தக் கதைகள் நன்றாகத் தெரியும். கேட்டால்தான் சொல்வார்கள்.

அடித்தால் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் வேரூன்றியது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1911-இல், எட்டு வயதில், இங்கிலாந்தில் ஓர் உறைவிடப் பள்ளியில் சேர்ந்த சில வாரங்களிலேயே படுக்கையை நனைக்கத் தொடங்கி, அதற்காகத் தலைமையாசிரியரிடம் அடி வாங்கினார். அதை ‘சச், சச் வேர் தி ஜாய்ஸ்’ என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவர் 1950-இல் இறந்த பிறகே, 1952-இல், அது அச்சேறியது. நனைக்கக் கூடாது என்று ஒவ்வோர் இரவும் வேண்டிக்கொண்டு படுத்தும் நனைந்ததையும், தான் செய்ய விரும்பாத, செய்வதாகவே அறியாத ஒன்றுக்குத் தான் குற்றவாளியாக்கப்பட்டதையும் அவர் அதில் நினைவுகூர்கிறார். அடிக்குப் பிறகு அந்தப் பழக்கம் நின்றது என்பதையும் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அடியை நியாயப்படுத்துவோர் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டைப் பிரிந்த அதிர்ச்சியில் தொடங்கும் நனைத்தல், பிள்ளை புதிய இடத்துக்குப் பழகியதும் தானாக அடங்குவது வழக்கம். எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ஆண்டுதோறும் இந்தப் பிள்ளைகளில் 100-க்கு 15 பேர் குணமாகிறார்கள். அந்த ஆண்டு அடி வாங்கியவனுக்கு அடியால் நின்றதாகவும், தாயத்துக் கட்டியவனுக்குத் தாயத்தால் நின்றதாகவும் கணக்கு எழுதப்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆர்வெலுக்கு அந்த அறை, அந்தச் சொற்கள், அந்த அவமானம் எல்லாம் மறக்கவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. நனைந்த துணியைப் பிள்ளையின் தலையில் போட்டு நிற்கவைப்பது, உறவினர் முன் கேலி செய்வது, தம்பி தங்கைகளோடு ஒப்பிடுவது, சூடு வைப்பதாக மிரட்டுவது ஆகியவை நம் வீடுகளில் இன்னும் நடக்கின்றன. இவை கொடுமை. எந்தப் பயனும் தராத கொடுமை.

பிறந்ததிலிருந்தே ஆறு மாதம் தொடர்ந்து உலர்ந்த இரவுகள் இருந்ததில்லை என்றால் அது முதல்நிலை வகை. ஆறு மாதமோ அதற்கு மேலோ நன்றாக இருந்துவிட்டு மறுபடி தொடங்கினால் இரண்டாம் நிலை. இந்த இரண்டாவது வகையில் புதிதாக ஏதோ நேர்ந்திருக்கிறது. தம்பியின் பிறப்பு, வீட்டில் ஒரு சாவு, பெற்றோர் சண்டை, விடுதிக்கு அனுப்பியது, அரிதாகப் பாலியல் தொந்தரவு என்று மனம் சார்ந்த காரணம் இருக்கலாம். உடல் சார்ந்ததும் இருக்கலாம். திடீரென்று நனைக்கத் தொடங்கிய பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்கிறான், எடை குறைகிறான், சோர்ந்து கிடக்கிறான் என்றால் அன்றைக்கே இரத்தச் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவின் தொடக்கம் பல வீடுகளில் நனைந்த படுக்கையாகத்தான் தெரிகிறது. தவறவிட்டால் சில நாள்களில் உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீர்த் தொற்றுக்கு எரிச்சலும் காய்ச்சலும் துணை வரும். குறட்டை விட்டு வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்கு அடினாய்டும் டான்சிலும் பெருத்து மூச்சை அடைக்கின்றனவா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். அந்த அடைப்பு நீங்கியதும் நனைத்தலும் நின்ற பிள்ளைகள் நிறைய. நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் அணு இரத்தசோகையில் சிறுநீரகம் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறனை இழப்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு இத்தொல்லை கூடுதல்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. சிறுவனின் சிறுநீர் மெலிந்து, முக்கி முக்கிச் சொட்டுகிறது என்றால் சிறுநீர்ப்பாதையில் பிறவித் தடுப்பு இருக்கலாம். சிறுமியின் உள்ளாடை பகலிலும் இரவிலும் ஓயாமல் ஈரமாகவே இருந்தால் சிறுநீரகக் குழாய் இடம் மாறித் திறந்திருக்கலாம். இடுப்புக்குக் கீழே முதுகின் நடுவில் குழியோ மயிர்க்கற்றையோ கொழுப்புக் கட்டியோ தென்பட்டால், கால்களில் பலவீனம் இருந்தால், தண்டுவடத்தைச் சோதிக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத, பகலில் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு ஒரு சாதாரணச் சிறுநீர்ச் சோதனையே போதும். அப்படிப்பட்ட பிள்ளையை ஸ்கேனுக்கும் இரத்தச் சோதனைகளுக்கும் இழுத்தடிக்கத் தேவையில்லை.

சிகிச்சை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. ஒரு வார விடுமுறையில் வீட்டிலேயே அளந்து எழுதலாம். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதுப் பையின் எதிர்பார்க்கும் கொள்ளளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். 12 வயதுக்கு மேல் அது 390 என்று எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 300. பகலில் பிள்ளை ஒவ்வொரு முறை போகும்போதும் அளவு போட்ட பிளாஸ்டிக் குவளையில் பிடித்துப் பார்த்தால், காலையின் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, ஒரு முறையில் போகும் மிக அதிக அளவு தெரியும். அது 300-க்கு அருகில் வராமல் 150, 180 என்றே நின்றால் பை சிறிது. இரவுக்கு டயப்பர் கட்டிப் படுக்கவைத்து, காலையில் அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து, உலர்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற கணக்கில் இரவில் போன அளவு கிடைக்கும். எழுந்தவுடன் போகும் சிறுநீரையும் அதோடு கூட்ட வேண்டும். இந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கூட்டுத்தொகை 390-ஐத் தாண்டினால், அதாவது கொள்ளளவைவிட 30 விழுக்காடு மிகுந்தால், இரவில் சிறுநீர் அதிகம் ஊறுகிறது என்று பொருள். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை என்பதைப் பெருமளவு இந்த இரண்டு எண்களே முடிவு செய்கின்றன. மூன்று நிமிட ஆலோசனையில் மருத்துவர் கண்டுபிடிக்க முடியாததை ஒரு தாய் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துக் கொண்டுவரலாம்.

அந்த நோட்டைப் பார்த்தால் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு பொது ஒழுங்கு தென்படும். காலையில் பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் பாதிக்கு மேல் நிரம்பியபடியே திரும்பி வருகிறது. பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருப்பதால் பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை. அடக்கிக்கொண்டே மாலைவரை இருக்கிறான். நான்கரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் தாகம் பீறிடுகிறது. தண்ணீர், டீ, மிக்சர், இரவில் ஊறுகாயும் அப்பளமும், படுக்குமுன் ஒரு டம்ளர் சத்துமாவுப் பால் என்று ஒரு நாளின் நீரும் உப்பும் ஐந்து மணி நேரத்துக்குள் உள்ளே போகின்றன. இரவில் தண்ணீரைக் குறை என்று மட்டும் சொன்னால் இது தீராது. பகலில் குடிக்கவைக்க வேண்டும். 2019-இல் கேரளப் பள்ளிகளில் தொடங்கிப் பரவிய ‘வாட்டர் பெல்’, அதாவது தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் ஏற்பாடு, இந்த வகையில் நல்லது. மணி அடித்த பிறகு போவதற்குத் தூய்மையான கழிப்பறையும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவசரமில்லாமல் போவது, படுக்குமுன் கட்டாயம் போவது, டீ காபியை விடுவது, இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்து அதில் உப்பைக் குறைப்பது என்ற இவ்வளவு மாற்றத்திலேயே சில பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

மலச்சிக்கலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான். சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் மலக்குடல் இருக்கிறது. கெட்டியான மலம் அங்கே தங்கிப் புடைத்தால் பைக்கு விரிய இடம் இல்லை. அதன் நரம்புகளும் தூண்டப்படுகின்றன. “தினமும் போகிறானே” என்று பெற்றோர் சொல்லலாம். தினமும் கொஞ்சம் போய்க்கொண்டே உள்ளே நிறையத் தேங்கியிருக்கவும் கூடும். ஆட்டுப் புழுக்கை போலச் சிறு உருண்டைகளாகவோ, கழிப்பறைக் குழாயை அடைக்கும் அளவுக்குப் பருமனாகவோ மலம் போவதும், உள்ளாடையில் கறை படிவதும் அதன் அறிகுறிகள். அமெரிக்காவில் மலச்சிக்கலோடு வந்த பிள்ளைகளை ஆராய்ந்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், இரவில் நனைத்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு மலச்சிக்கல் தீர்ந்ததும் நனைத்தலும் நின்றது. கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தண்ணீர், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் இளக்கி மருந்து, சாப்பிட்டபின் ஐந்து பத்து நிமிடம் உட்காரும் பழக்கம் ஆகியவை போதும். மேற்கத்திய முறைக் கழிப்பறையில் கால் தொங்கினால் முக்க முடியாது. காலடியில் ஒரு முக்காலி போட வேண்டும்.

நள்ளிரவில் தூக்கிக்கொண்டு போய் நிற்கவைப்பது பல வீடுகளின் வழக்கம். ஒரு படுக்கை விரிப்பு நனையாமல் தப்பும், அவ்வளவுதான். அரைத் தூக்கத்தில் நின்று போகும் பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை.

கற்றுக்கொடுப்பது அலாரம். மெயின்ஹார்ட் ஃபான் ஃபாவுண்ட்லர் என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர், படுக்கை நனைந்ததும் செவிலியருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக மணி அடிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். உடனே துணி மாற்றலாம் என்பதே நோக்கம். சில வாரங்களில் பிள்ளைகள் நனைப்பதே குறைந்ததை அவர் கவனித்து 1904-இல் எழுதினார். அமெரிக்க உளவியலாளர்களான மவ்ரர் தம்பதியர் 1938-இல் அதைச் சிகிச்சையாகவே முன்வைத்தார்கள். இன்று உள்ளாடையில் செருகும் சிறு உணரியும் தோளில் குத்தும் ஒலிப்பானும் போதும். இந்தியாவிலும் விலைக்குக் கிடைக்கிறது.

முதல் வாரத்தில் அலாரம் அடித்தால் வீடே எழும், பிள்ளை மட்டும் எழமாட்டான். இதைக் கண்டு பலர் கருவியை மூட்டை கட்டிவிடுகிறார்கள். பெற்றோர் ஒருவர் பக்கத்திலேயே படுத்து, அடித்தவுடன் அவனை முழுமையாக எழுப்பி, அவன் கையாலேயே அலாரத்தை நிறுத்தவைத்து, கழிப்பறைக்கு நடத்திச் சென்று, மீதியைப் போகவைத்து, உலர்ந்த துணி மாற்றி, உணரியை மறுபடி பொருத்தவேண்டும். ஒவ்வோர் இரவும், ஒன்றுகூட விடாமல். முதல் முன்னேற்றம் உலர்ந்த இரவாக வராது. நனைந்த வட்டம் சிறிதாகும். ஒரு மணிக்கு அடித்தது நான்கு மணிக்கு அடிக்கும். பிறகு பிள்ளை அலாரத்துக்குத் தானே எழுவான். கடைசியில் அது அடிக்காது. இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். 14 இரவுகள் தொடர்ந்து உலர்ந்தால் நிறுத்தலாம். முயன்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வெல்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்ப வரும், மறுபடி தொடங்கினால் விரைவில் பிடித்துவிடும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டிலும், விடியுமுன் வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் இது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களைக் குற்றம் சொல்லாமல் வேறு வழி காட்டுவதே முறை.

அந்த வேறு வழி டெஸ்மோபிரசின். வாசோபிரசினைப் போலவே வேலை செய்யும் இந்தச் செயற்கை மருந்தை 1960-களில் பிராக் நகர வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் மாத்திரையாகத் தரப்படுகிறது. இரவில் சிறுநீர் அதிகம் ஊறும் பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்யும். நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். சுற்றுலா, முகாம், உறவினர் வீட்டுத் திருமணம் போன்ற இரவுகளுக்கு இது பெரிய உதவி. ஒரு விதியை மட்டும் மீறக்கூடாது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை ஒரு டம்ளருக்கு மேல் எந்த நீரும் குடிக்கக்கூடாது. மீறினால் உடலில் தண்ணீர் தங்கி இரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகும். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் உள்ள நாள்களில் மருந்தை நிறுத்த வேண்டும். மூக்கில் அடிக்கும் வடிவம் இந்த ஆபத்தால்தான் 2007-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

பை சிறிதாகவும் சீக்கிரமே சுருங்கிவிடுவதாகவும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆக்ஸிபியூட்டினின் போன்ற மருந்துகள் துணை சேர்க்கப்படுகின்றன. அவை மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் முதலில் குடலைச் சரிசெய்ய வேண்டும். 1960 முதல் பயன்பட்டுவந்த இமிப்ரமின், அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். இப்போது மற்றவை பலிக்காதபோதுதான், அதுவும் நிபுணர் கண்காணிப்பில் தரப்படுகிறது. அது வீட்டில் இருந்தால் சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

வாரத்துக்கு ஓரிரு நாள் மட்டும் நனைக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் காத்திருத்தலே தகும். ஒவ்வோர் இரவும் நனைக்கும் பத்து வயதுப் பிள்ளையிடம் “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்புவது தவறு. பருவ வயது தாண்டியும் தொடர்வது பெரும்பாலும் இந்தக் கடும் வகைதான். அவர்கள் விடுதியில் சேரப் பயந்து நல்ல கல்லூரியை விடுகிறார்கள், திருமணப் பேச்சைத் தள்ளிப்போடுகிறார்கள், காரணத்தை யாரிடமும் சொல்வதில்லை. பெரியவர்களில் 100-க்கு ஓரிருவரிடம் இது தொடர்கிறது. அவர்களுக்கும் அலாரம், டெஸ்மோபிரசின், பையைத் தளர்த்தும் மருந்துகள் பயன்படுகின்றன. ஆனால் சிறுநீர்ப்பையின் செயல்பாட்டை முழுமையாகச் சோதித்த பிறகே தொடங்க வேண்டும், ஏனெனில் பெரியவர்களிடம் பையின் கோளாறு மறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

பல ஆண்டுகள் நன்றாக இருந்த பெரியவர் புதிதாக நனைக்கத் தொடங்குவது முற்றிலும் வேறு செய்தி. நீரிழிவு, சிறுநீர்த் தொற்று, பக்கவாதம், பார்க்கின்சன் நோய், முதுகுத்தண்டு அழுத்தம் ஆகியவற்றை வரிசையாகத் தேட வேண்டும். நாக்கில் கடிபட்ட காயத்தோடும் உடம்பு வலியோடும் எழுபவருக்குத் தூக்கத்தில் வலிப்பு வந்திருக்கலாம். குடித்துவிட்டுப் படுப்பவருக்கு மது வாசோபிரசினை அடக்குவதோடு விழிப்பையும் மழுங்கடிக்கிறது. மனநோய்க்குத் தரும் க்ளோசபின் முதலிய மருந்துகளும் இதை உண்டாக்கும். நோயாளி வெட்கத்தில் மருந்தையே நிறுத்திவிடுவதால் மருத்துவர் தாமாகக் கேட்பது நல்லது. பேறுகாலச் சிக்கலுக்கோ கருப்பை அறுவைக்கோ பிறகு ஒரு பெண்ணுக்கு இரவு பகல் பாராமல் ஒழுகுமானால் பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்திருக்கக்கூடும். அறுவையால் அதை மூடலாம்.

பலமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறுபவர்களிடம் காரணம் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. அடைபட்ட மூச்சை இழுக்கும் முயற்சியில் நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது, இதயத்தின் மேலறை விரிகிறது. உடலில் தண்ணீர் மிகுந்துவிட்டதாக எண்ணி இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. மூச்சுக்கருவி பொருத்தித் தூங்கத் தொடங்கியதும் இந்த இரவுச் சிறுநீர் குறைந்துவிடுகிறது. இதய நோயாலோ நாள் முழுதும் நிற்பதாலோ கால் வீங்குபவர்களுக்கு, பகலில் காலில் தேங்கிய நீர் படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்புகிறது. பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுப்பதும், நீர் போக்கும் மாத்திரையை மருத்துவர் சம்மதத்தோடு மாலையிலிருந்து மதியத்துக்கு மாற்றுவதும் பயன் தரும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு டெஸ்மோபிரசின் தருவதானால் முன்னும், தொடங்கிய முதல் வாரத்திலும், பின்னரும் சோடியத்தைச் சோதித்தே தர வேண்டும்.

வயதான ஆண் புதிதாகப் படுக்கையை நனைப்பதை முதுமையின் கணக்கில் எழுதிவிடவே கூடாது. புராஸ்டேட் வீக்கத்தால் பை முழுமையாகக் காலியாகாமல் மாதக்கணக்கில் தேங்கி, வலியே இல்லாமல் தொப்புள்வரை பெருத்து, தூக்கத்தில் தசை தளரும்போது தானாக வழிகிறது. பகலில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் அடைப்பு இருப்பதாகவே அவருக்குத் தோன்றாது. இதற்குள் பின்னழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துக்கொண்டிருக்கும். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தாலும், சிறுநீர் போனபின் ஒரு ஸ்கேன் எடுத்தாலும் தெரிந்துவிடும். குழாய் வைத்து வடித்தால் சிறுநீரகம் பெருமளவு மீளும். வடித்த முதல் ஓரிரு நாள்களில் சிறுநீர் பல லிட்டர் கட்டுக்கடங்காமல் போகக்கூடும் என்பதால், அவரை மருத்துவமனையில் சேர்த்து, போகும் அளவையும் இரத்த உப்புகளையும் கவனித்தபடியே அதைச் செய்ய வேண்டும்.